வாடகை வீடும் விசா காகிதமும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாடகைதாரர்களுக்கு உதவும் மையம் ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இந்த விஷயத்தில் ஊர் மாறினால் சட்டமும் மாறும்.

அக்கா, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். பக்கத்து ஃப்ரீமான்டில் வீடு எடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணுமாமே, நிஜமா?

நிஜம்தான். சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர்களுக்கு வாடகை வீடு கிடைக்கக் கூடாது என்று 2010 ஜூனில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். வாடகைக்கு வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் 5 டாலர் கட்டிக் குடியிருப்பு உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் விலக்கில்லை, ஆனால் அவர்கள் குடிமகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றவர்கள் குடியேற்ற ஆவணத்தின் எண்ணைத் தர வேண்டும். அதை மத்திய அரசிடம் சரிபார்ப்பார்கள். வீடு மாறினால் உரிமமும் புதிதாக வாங்கணும். உங்கள் மனைவிக்குத் தனி உரிமம்.

ஒன்றை மறக்காதீர்கள்: அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டை, “காப்பி எடுத்துத் தருகிறேன்” என்று வாங்கிய வீட்டு ஓனர் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார். மறுநாள் ஊரில் அந்தக் குடும்பத்துப் பெண்ணின் அப்பா தவறிவிட்டார். நாலு நாள் கழித்துத்தான் டிராயர் திறந்தது. அப்பா முகத்தை அவள் போனில்தான் பார்த்தாள்.

ஹேசில்டனில் இதே சட்டம் செல்லாது என்றார்களே. ஃப்ரீமான்டில் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. பென்சில்வேனியாவின் ஹேசில்டன் 2006இல் இந்த மாதிரி சட்டம் போட்டது. அதே வருடம் டெக்சாஸில் ஃபார்மர்ஸ் பிராஞ்ச் தொடங்கியது. மூன்று ஊருக்கும் பின்னால் இருந்த வழக்கறிஞர் ஒருவரே: கிறிஸ் கோபாக். மூன்று வழக்கும் மூன்று வெவ்வேறு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குப் போயின; இவற்றை ‘வட்டம்’ என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் சில மாநிலங்கள். ஹேசில்டனை மூன்றாம் வட்டமும் ஃபார்மர்ஸ் பிராஞ்சை ஐந்தாம் வட்டமும் 2013இல் தடுத்தன. நாட்டில் யார் தங்கலாம் என்பது மத்திய அரசின் வேலை, நகராட்சி அதில் கைவைக்க முடியாது என்பதுதான் சாரம். அதே வருடம் எட்டாம் வட்டம் ஃப்ரீமான்ட் சட்டத்தை ஏற்றது. வாடகையைத் தடுப்பதும் நாட்டைவிட்டு அனுப்புவதும் ஒன்றல்ல என்று பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் இந்த மூன்றையுமே விசாரிக்க மறுத்தது. அந்த முரண்பாடு அப்படியே நின்றுவிட்டது. அதே வருடம் ஃப்ரீமான்டில் இந்தச் சட்டத்தை நீக்கலாமா என்று மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள்.

எஃப்1 விசாவில் படிக்கும் மாணவர், எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லை. அபார்ட்மென்ட் கிடைக்குமா?

எந்த ஊர்?

சட்டவிரோதமாக வந்தவனுக்கு வீடு கொடுக்காதே என்பதில் என்ன தப்பு? நாமெல்லாம் முறையாக வந்தவர்கள். நமக்கென்ன கவலை?

கவலை நமக்கும்தான், சார். எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் தேதி முடிவதற்குள் கம்பெனி நீட்டிப்பு மனு போட்டுவிட்டால், ஹெச்1பிகாரர் அதே வேலையில் 240 நாள் வரை தொடரலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் கையிலுள்ள காகிதத்தில் தேதி முடிந்திருக்கும். ஓனர் அதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? அடைக்கலம் கேட்டுக் காத்திருக்கும் பெண்ணின் நிலை என்ன என்பதைக் குடியேற்ற நீதிபதியே வருடக்கணக்கில் பார்க்கிறார். அதை வாடகை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் தீர்மானிப்பதா?

அப்படியானால் மத்திய அரசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே, அக்கா. ஃப்ரீமான்டில் அதைத்தானே செய்கிறார்கள்?

கேட்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் அந்த அளவோடு நிற்பதில்லை. பெயரையும் தோல் நிறத்தையும் பார்த்தவுடனே “வீடு போயாச்சு” என்று சொல்லும் ஓனர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வருவது எப்போதும் நம்மைப் போன்ற முகங்களின் மேல்தான். 1968ஆம் வருட வீட்டு வசதி நியாயச் சட்டம் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் குடியேற்ற நிலை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். இதில் நான் நடுநிலை இல்லை. கூரை கேட்டு வருபவரிடம் விசாவைக் கேட்காதே என்றுதான் சொல்வேன்.

ஹெச்1பிக்கு வீடு தருவார்களா?

இதே கேள்வி இன்று ஆறாவது முறை. ஊரைச் சொல்லுங்கள்!

கலிபோர்னியா, சான் ஹோசே. ஓனர் விசா நிலையைக் கேட்கிறார்.

கேட்கக் கூடாது. 2007இலேயே அங்கு அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நீங்கள் யார், வாடகை கட்ட வருமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். “குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டுவதும் 2018 முதல் அங்கே சட்டவிரோதம்தான். மிரட்டினால் எழுத்தில் பிடித்து வையுங்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

லண்டன்?

வாடகைக்கு வருபவரின் குடியேற்ற நிலையை ஓனர் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே நகராட்சிச் சட்டம் அல்ல, இங்கிலாந்து முழுவதற்கும் 2016 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கிடையாது. அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள்.

டாலஸ் பக்கம் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. வாடகைக்கு வருபவரிடம் நான் என்ன கேட்கலாம்?

டெக்சாஸில் ஐந்தாம் வட்டத் தீர்ப்பு இருப்பதால், நகராட்சி உங்களை இதற்குக் காவல்காரராக ஆக்க முடியாது. நீங்களாகச் சரிபார்ப்பதாயிருந்தால் யாருக்கும் வேறுபாடு காட்டாமல், ஸ்மித் வந்தாலும் செல்வராஜ் வந்தாலும் ஒரே காகிதத்தைக் கேளுங்கள். காப்பியை அவர் கண் முன்னால் எடுத்து, அசலை அந்த நிமிடமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.