1000இலிருந்து 100க்கு இறங்கி அறுபடும் கேபிள் இணைப்பு

கைப்பேசியில் வைஃபை தடையின்றி ஓடும்போது, பின்னறைக் கணினியின் கேபிள் இணைப்பு மட்டும் அடிக்கடி அறுந்து, வேகமும் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு 1000 மெகாபிட்) 100க்கு இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

1000 வேகத்திற்கு கேபிளிலுள்ள 8 கம்பிகளும் தேவை, 100க்கு 4 போதும். ஆகவே ஒரு கம்பி முறிந்தாலோ, எலி கடித்தாலோ (மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் கூரையடியில் ஓடும் கேபிளை அது விட்டுவைப்பதில்லை) இவ்வாறு நேரும்.

கணினியை ரௌட்டர் அருகில் வைத்து, வேறொரு குட்டைக் கேபிளால் இணைத்து அரை மணி நேரம் கவனியுங்கள். அறுபடாவிட்டால் பழைய கேபிளே காரணம். அறுபட்டால் ரௌட்டரின் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

ஆனால், இடி மின்னலுக்குப் பிறகு இது தொடங்கியிருந்தால் கணினியில் கேபிள் இணையும் பாகமான நெட்வொர்க் கார்டே பழுதாகியிருக்கலாம். அப்படியானால் புதுக் கேபிள் உதவாது, அந்தக் கார்டுக்குப் பதிலாக யூஎஸ்பி துளையில் செருகும் நெட்வொர்க் அடாப்டர்தான் மலிவான வழி.