ஒரே டின் பெல்லட், இரண்டு பிஸ்டல்: குரூப் ஏன் மாறுகிறது?

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு,

ஒரே டின் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) உங்கள் ஏர் பிஸ்டலில் ஒரே ஓட்டையாக விழுகிறது, தங்கையின் பிஸ்டலில் சிதறுகிறது, குரூப் (ஓட்டைகள் விழும் பரப்பு) ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பெல்லட்டில் குறையிருக்காது. ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டு பேரலின் (குழல்) உள்விட்டம் நூலிழை வேறுபடும். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பெல்லட்டின் தலையளவு (தலைப்பகுதி விட்டம்) பிரித்து விற்பதே அதற்காகத்தான். தங்கையின் பிஸ்டலுக்கு மூன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

கையில் பிடித்துச் சுட்டால் கைநடுக்கத்தைத்தான் அளப்பீர்கள். ரப்பர் வைத்த வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்குப்பிடி) பிடிப் பகுதியை இறுக்குங்கள். பேரலையும் காற்று சிலிண்டரையும் நெரிக்கவே கூடாது. பெல்லட் மாற்றியதும் முதல் 10 சுடுதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரலில் பழைய ஈயம் படிந்திருக்கும். பிறகு 10 மீட்டரில், இலக்கு அட்டைக்கு 10 வீதம் மூன்று அட்டை சுடுங்கள். ஐந்து மட்டும் சுட்டால் தற்செயலாகவே நெருங்கி விழுந்து ஏமாற்றும்.

ஓர் அட்டையில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ. கழியுங்கள், அதுதான் குரூப்பின் அளவு. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான், வைஸிலேயே குரூப் அதை நெருங்கினால் அந்தத் தலையளவு வேண்டாம்.

மொட்டைமாடியில் சோதிக்காதீர்கள். ஆடி மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரை கிராம் பெல்லட்டை நகர்த்திவிடும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம்.