டெல்லியில் விதி மாறினால் டெல்டாவில் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: மத்திய அரசு திடீரென்று ஓர் அறிவிக்கை போட்டால் எங்களைப் போன்ற சின்ன தொழில்காரர்கள் என்ன செய்வது? நான்கு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2023இல் ஏற்றுமதித் தடை வந்தபோது, தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஒருவருக்காக அரைத்த பச்சரிசி ஆலையிலேயே தங்கிவிட்டது. மறுபடி அப்படி வந்தால் எப்படித் தப்பிப்பது?
– அரிசி ஆலை உரிமையாளர், திருவாரூர்

முழுக்கத் தப்பிக்க வழி இல்லை, நஷ்டத்தைக் குறைக்கலாம். நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள். 2022 செப்டம்பரில் நொய்யரிசிக்குத் தடை. 2023 ஜூலை 20இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. புழுங்கலுக்கு ஒன்றும் இல்லை என்று நம் ஆலைகள் நிம்மதியாக இருந்தன. ஆகஸ்ட் 25இல் அதற்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. வெள்ளை அரிசித் தடையும் புழுங்கல் வரியும் விலக 2024 செப்டம்பர், அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் 2024 பிப்ரவரியில், ஆலைகள் வாராவாரம் அரிசி, நெல் இருப்பைத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. உள்நாட்டில் அரிசி விலை ஏறும் ஆண்டில் ஏற்றுமதியில்தான் கை வைப்பார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

அந்த ஜூலை அறிவிக்கையை ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். தடைக்கு முன்பே திறந்த, ரத்து செய்ய முடியாத எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) இருந்தால் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் வழக்கமாக ஒரு இடைக்காலச் சலுகை உண்டு. அந்த முறை அது பொருந்தாது என்று அறிவிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு, ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதிப் படிவம்) போட்டுக் கப்பலும் துறைமுகம் வந்துவிட்ட சரக்கு, சுங்கத்துறையிடம் ஒப்படைத்துப் பதிவான சரக்கு ஆகியவற்றுக்குத்தான் வழி விட்டார்கள். ஆலைக் கிடங்கில் கிடந்த மூட்டைக்கு எதுவும் இல்லை.

ஆகவே பெரிய ஆர்டரை மொத்தமாக அரைத்து அடுக்காதீர்கள். கப்பல் தேதியை ஒட்டித் தவணை தவணையாக அனுப்புங்கள். தடை வந்தால் அரைத்த அரிசியை யார், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வது, முன்பணம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆர்டருக்கு நெல் வாங்கிப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி.

உள்நாட்டு விற்பனைக்கு இன்னொன்று. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 64ஏ படி, ஒப்பந்தம் போட்ட பிறகு வரி ஏறினால் விற்பவர் அதைச் சேர்த்துக் கேட்கலாம்; குறைந்தால் வாங்குபவர் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். 'எல்லா வரியும் உட்பட' என்ற வாசகத்தில் கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்.

குத்துவிளக்குக்கு ஜி.எஸ்.டி. குறைந்தது சந்தோஷம். ஆனால் பழைய பித்தளை வாங்கும்போது கட்டிய வரி கணக்கில் தேங்கி நிற்கிறதே?
– வார்ப்புப் பட்டறை நடத்துபவர், நாச்சியார்கோவில்

2025 செப்டம்பர் 22 முதல் கைவினை விளக்குகளுக்கு 12இலிருந்து 5 சதவீதம். பித்தளைக்கோ 18 சதவீதம். இப்படி மூலப்பொருள் வரி கூடுதலாக இருந்தால், ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 54இன்படி தேங்கிய வரியைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். இயந்திரத்துக்குக் கட்டிய வரி இதில் சேராது. பித்தளை வாங்கிய ஒவ்வொரு பில்லும் வேண்டும், பில் இல்லாமல் வாங்கியதற்கு ஒரு பைசா வராது.

விளக்கை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் குழம்ப வேண்டாம். 12 சதவீதத்தில் வாங்கிய அதே விளக்கை 5 சதவீதத்தில் விற்றால் அதற்கு ரீஃபண்ட் கிடையாது. அந்த வரியை மற்ற விற்பனையில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பாத்திரக் கடையில் 15 பேர் வேலை பார்க்கிறார்கள். புதிய தொழிலாளர் சட்டத்தால் செலவு எவ்வளவு கூடும்?
– கும்பகோணம் வாசகர்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றில் அடங்கிவிட்டன. உங்களைத் தொடும் முக்கியமான இடம், 'ஊதியம்' என்பதன் விளக்கம். படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும்.

ஒருவருக்கு 20,000 ரூபாய் தருகிறீர்கள். அதில் அடிப்படை 7,000, வீட்டு வாடகைப்படி போன்றவை 13,000 என்றால், 3,000 சேர்ந்து ஊதியம் 10,000 ஆகிறது. ஒரு வருடப் பணிக்கொடை 15/26 கணக்கில் (மாதத்தை 26 நாளாக வைத்து 15 நாள் ஊதியம்) சுமார் 4,038 ரூபாயிலிருந்து 5,769 ஆகும். 15 பேருக்கும் இதே மாதிரி ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அப்புறம்தான் ஆடிட்டரிடம் போக வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுத்தவருக்கு ஒரே வருடத்தில் பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். இத்தனை வருடம் உழைத்தவர்களின் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் இருந்ததே, அது தீர்வது நல்லதுதான்.

26 கிலோ சிப்பம் போட்டால் ஜி.எஸ்.டி. இல்லை என்று எல்லோரும் அதற்கு மாறிவிட்டோம். இது நீடிக்குமா?
– மன்னார்குடி ஆலைக்காரர்

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய சிப்பத்துக்கு 5 சதவீதம். அதனால்தான் 26 கிலோ பிறந்தது. 2024 ஜூலையில், எடையளவு விதிகளில் (ஜி.எஸ்.டி.யும் அப்போது இவற்றை ஒட்டித்தான் இருந்தது) அந்த 25 கிலோ வரம்பையே எடுத்துவிடும் யோசனையை நுகர்வோர் விவகாரத் துறை கருத்துக் கேட்டு வெளியிட்டது. எனவே எடையை நம்பி வருடக்கணக்குக்குப் பை அச்சடித்து வைக்காதீர்கள், இரண்டு மூன்று மாதத் தேவைக்குப் போதும்.

இப்படி வரைவு வரும்போது பதில் எழுதும் உரிமை யாருக்கும் உண்டு. அடுத்த வரைவு வந்தால் உங்கள் ஆலைச் சங்கம் மூலம், சிப்பத்துக்கு எத்தனை ரூபாய் கூடும், அது கடைசியில் எந்த வீட்டு அரிசி விலையில் ஏறும் என்று கணக்கோடு எழுதி அனுப்புங்கள்.