கட்சிச் சாயம் பூசப்பட்ட திண்ணை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. வயது 41, தையல் வேலை செய்கிறேன். ஊரில் பலர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியோடு கிடப்பார்கள். அவர்களுக்காக 2017இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலைப் படிப்பகம் தொடங்கினேன். 4 பிள்ளைகளோடு ஆரம்பித்தது 32 ஆனது. விளக்கு, கரும்பலகை, சனிக்கிழமைச் சுண்டல் எல்லாம் தையல் காசு.

2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. நான் அதில் சேரவே இல்லை. ஆனாலும், "ஆயிரம் வருகிறது, சும்மாவா செய்கிறாள்" என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும் ஒரு கட்சிக்காரர்கள் தலைவர் படம் போட்ட நோட்டுகளோடு வந்தார்கள். வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் எதிர்த்தரப்பு, பிள்ளைகளைக் கொடியேற்றத்துக்கு அனுப்பச் சொன்னது. மறுத்தேன். என் கொழுந்தன் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருக்கிறார். அதனால், "அது அந்தக் கட்சித் திண்ணை" என்று மேலத்தெருவில் 11 பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். கொழுந்தனோ நம் வீட்டில் இருந்துகொண்டு நமக்கே உதவவில்லை என்று முகம் கொடுப்பதில்லை.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சென்ற வாரம் ஒரு பையன் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னான். குழாயடியில் என்னை ஏசியவர் அவன் பாட்டி. "உங்கள் வீட்டுக்கெல்லாம் படிப்பு எதற்கு?" என்று கத்திவிட்டேன். நோட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். எனக்கு என்ன ஆயிற்று? விட்டுவிடவா?

– பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

அந்தச் சொல் தவறு. அதை நீங்களே அறிந்திருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 'எரிந்து தீர்ந்துபோதல்' பற்றி எழுதினார். அதை அவர் கண்டது நியூயார்க்கில், தொண்டர்களால் நடந்த ஓர் இலவச மருத்துவ நிலையத்தில். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் என்றார்: ஓயாத களைப்பு, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள் மேலேயே கசப்பு, செய்ததெல்லாம் வீண் என்ற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

நன்றி வராதது வலிக்கத்தான் செய்யும். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. திண்ணை உங்களுடையது, விளக்கு உங்களுடையது, சுண்டலும் உங்களுடையது. இத்தனை ஆண்டுகளில் வேறொருவர் கை பட்டதாக ஒரு வரி இல்லை. ஒருத்தியே சுமக்கும் காரியத்தில், 'இவளுக்கு என்ன லாபம்?' என்றுதான் ஊர் தேடும். நியாயமில்லைதான். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. யார் எந்தக் கட்சி என்று தெரியாத வீடு உண்டா? அந்தத் தேர்தலுக்கே சாயம் பூசுகிற ஊர், உங்கள் கொழுந்தன் வீட்டுத் திண்ணையை விட்டுவைக்குமா?

எனவே முதலில் இடத்தை மாற்றுங்கள். பள்ளித் தாழ்வாரமோ சமுதாயக் கூடமோ கேட்டுப் பாருங்கள். கோயில் மண்டபம் வேண்டாம்; எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் ஏறும் இடமா என்பது உங்களுக்கே தெரியும். மேலத்தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள் பாடத்தை அவளிடம் விடுங்கள். அவள் உங்களைப்போல் நடத்த மாட்டாள். அதில் தலையிடாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

எந்தக் கட்சிப் படமும் கொடியும் வேண்டாம் என்று சுவரில் எழுதி வையுங்கள். கொழுந்தனிடமும் ஒரே ஒரு முறை, கணவரை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பேச்சுக்குத் தெருவில் பதில் வேண்டாம். அடுத்த கிராம சபையில் எழுந்து வரவு செலவை வாசியுங்கள், சுண்டல் கணக்கு உட்பட.

விடுவதா தொடர்வதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் படிப்பகத்தை மூடுங்கள். அதற்குப் பிறகும் உறக்கம் கலைந்தால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. குழாயடியில் ஏசிய பாட்டிதான் அவனை உங்களிடம் அனுப்பிக்கொண்டும் இருந்தார், கவனித்தீர்களா? அவன் விட்டுப்போன நோட்டை எடுத்துக்கொண்டு இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்.