குசினிக் கேள்விகள்: பெருநாள் இறைச்சி ஏன் இழுபடுகிறது?

கேள்வி: ராத்தா, ஹஜ்ஜுப் பெருநாளன்று வந்த குர்பான் இறைச்சியை நீளநீளமாக வெட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தேன். மா கழன்று எண்ணெயில் மிதந்தது. இறைச்சி ரப்பர் மாதிரி இழுபட்டது. மேசைக்குப் போவதற்குள் தொய்ந்தும் போனது. வருகிற வெள்ளி காரைதீவில் இருந்து அவருடைய கூட்டாளிமார் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் மாடு சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குக் கோழியை அதே எண்ணெயில் பொரிக்கலாமா?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: பொரிக்கவே கூடாது தங்கச்சி. கோழிக்கு வேறு தாச்சி, வேறு எண்ணெய், வேறு கத்தி, வேறு மாக்கரைசல். எங்கள் காத்தான்குடி வீட்டுக்கு ஆரையம்பதியில் இருந்து உம்மாவின் சிநேகிதி ஒருவர் வருவார். அவருக்கென்றே உம்மா ஒரு தாச்சியைத் தனியாக வைத்திருந்தா. மாடு பட்ட அகப்பையைக்கூட அதற்குள் விடமாட்டா. அந்த நம்பிக்கையில்தான் அவர் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் கை நனைத்தார்.

இனி இறைச்சிக்கு வருவோம். அன்று அறுத்ததை அன்றே பொரித்ததுதான் பிழை. அறுத்துச் சில மணித்தியாலத்தில் தசை விறைத்துவிடும். அந்த விறைப்பு இளக நாள் எடுக்கும். கறி என்றால் நின்று வேகும், குறை தெரியாது. பொரியலுக்கு ஐந்து நிமிடம்தானே! மூடிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். கடையில் வாங்கினால் சவ்வில்லாத தனி இறைச்சியாகக் கேளுங்கள். நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் மொத்தத்துக்கும் குறைவாக வெட்ட வேண்டும். அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா பிரட்டி, 20 நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். கூடினால் சவர்க்கார வாடை வரும். பப்பாசிக்காய்ச் சாறும் இளக்கும்தான், ஆனால் மெல்லிய துண்டில் நேரம் தப்பினால் கூழாகிவிடும். நான் பாவிப்பதில்லை.

கழுவியதை ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள். மா கழன்றதற்கு அந்த ஈரம்தான் காரணம். உப்பு, மிளகுதூள், இஞ்சி, உள்ளி பிரட்டி, வெறும் சோளமாவில் ஒருதரம் புரட்டி எடுங்கள். பிறகு கரைசல்: நாலு மேசைக்கரண்டி சோளமா, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா, ஒரு முட்டை, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம். அதிகம் அடிக்காதீர்கள், கோதுமை மா இழுபட்டுத் தடித்துவிடும். ஒரு சொட்டு விட்டால் உடனே பொங்கி மேலே வர வேண்டும், அதுதான் எண்ணெயின் பதம். ஒரு தடவைக்கு ஏழெட்டுத் துண்டு போதும். அள்ளிக் கொட்டினால் எண்ணெய் ஆறிவிடும்.

தொய்ந்ததன் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். மகளின் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, சூடு ஆறக்கூடாதென்று பொரித்ததையெல்லாம் ஹொட்பொக்ஸில் அடுக்கி மூடினேன். திறந்தபோது ஆவியில் நனைந்து ஊறிக் கிடந்தது. அன்று வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மூடுவதே இல்லை. முதல் பொரியலை வெளிர் நிறத்தில் எடுத்துக் கம்பித் தட்டில் பரப்பி வைப்பேன். வெங்காயம், கறிமிளகாய், தக்காளி சோஸ் வதக்கியதைப் பக்கத்தில் தனிக் கோப்பையில் வையுங்கள், மேலே ஊற்ற வேண்டாம். வந்தவர்கள் கைகழுவி உட்கார்ந்த பிறகு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இன்னொருதரம் அரை நிமிடம் போட்டெடுத்து, சத்தம் அடங்குமுன் கொண்டுபோய் வையுங்கள்.