எழுதுகிறவர்களுக்கு: கேள்வி – பதில்

கேள்வி: ஆறு மாதமாக வலைப்பதிவு எழுதுகிறேன். சொல்ல விஷயம் இருக்கிறது. எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருகிறது. நடையைச் சரிசெய்ய வழி உண்டா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: உண்டு. பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் 12 வயதில் தொழில் பழகச் சேர்ந்த, பின்னாளில் அமெரிக்காவின் பெரிய தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்ளினுக்கும் இதே குறைதான். எழுத்துப்பிழை இல்லை, ஆனால் நயமும் தெளிவும் போதவில்லை என்று அப்பா எடுத்துக்காட்டினார். பையன் லண்டனின் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்றை வாங்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்த பயிற்சியை நீங்களும் அப்படியே செய்யலாம்.

உங்களுக்குப் பிடித்த ஒருவரின் கட்டுரையில் நான்கைந்து பத்தி எடுங்கள். வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு, இரண்டு மூன்று சொல்லில். மழை பற்றிய பத்தி என்றால் 'திண்ணை, நனைந்த செருப்பு, அம்மா குரல்', அவ்வளவே. குறிப்பு நீண்டால் மூலத்தின் வாக்கியமே திரும்ப வந்துவிடும். தாளை மூடிச் சில நாள் வையுங்கள். அன்று மாலையே உட்கார்ந்தால் எழுதுவது நீங்களல்ல, உங்கள் ஞாபகம். பிறகு குறிப்பை மட்டும் வைத்து முழுப் பத்தியாக எழுதி, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

சொல்வளம் போதவில்லை என்று கண்டதும், பிராங்ளின் சில கதைகளைச் செய்யுளாக்கி, மூலம் மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். ஒரே பொருளுக்கு வேறு அளவுள்ள சொல்லைத் தேட வைப்பது செய்யுள். எதுகை மோனை உள்ள நம் மொழியில் இந்தப் பயிற்சி இன்னும் நன்றாகவே பலிக்கும். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்துவார். பத்திகளை அடுக்கும் வித்தை அதில்தான் கைவந்தது. 1722இல், 16 வயதில், ஒரு விதவையின் பெயரில் எழுதி அச்சகக் கதவுக்கடியில் போட்ட கடிதங்களைத் தம்பி எழுதியது என்று தெரியாமலே ஜேம்ஸ் தன் பத்திரிகையில் போட்டார். மொத்தம் 14.

கேள்வி: எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழுவுக்கு நான் அட்மின். ஒருவரைத் திட்டி வந்த பதிவை நீக்கினால், கருத்துச் சுதந்திரம் எங்கே என்று சண்டைக்கு வருகிறார்கள். (வாசகர், விருதுநகர்)

பதில்: 1729 முதல் பிலடெல்பியாவில் 'பென்சில்வேனியா கெஜட்' நடத்தியபோது பிராங்ளினிடமும் இதையேதான் கேட்டார்கள். அடுத்தவரைத் திட்டி எழுதிக் கொண்டுவந்தவர்கள், பத்திரிகை என்பது வாடகை வண்டி, காசு கொடுத்தவனுக்கு இடம் உண்டு என்று வாதாடினார்கள். வேண்டுமானால் தனித்தாளாக எத்தனை பிரதி வேண்டுமோ அச்சடித்துத் தருகிறேன், நீங்களே விநியோகித்துக்கொள்ளுங்கள் என்றார். பயனுள்ளதோ சுவையானதோ தருவதாகச் சந்தாதாரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் தாளை அடுத்தவர் சண்டையால் நிரப்ப மாட்டேன் என்பது அவர் நிலை. இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் விதியை முதலில் எழுதிக் குழுவின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வையுங்கள். விதி இல்லாமல் நீக்கினால் கட்சி கட்டுகிறீர்கள் என்றே பெயர் வரும். நீக்கிய உடனே எழுதியவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, எந்த வரி விதியை மீறியது என்று சொல்லுங்கள். அவர் தம் சொந்தப் பக்கத்தில் போடுவதை நீங்கள் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வலைப்பதிவு, யூடியூப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் என நான்கையும் நடத்துகிறேன். எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. (இல்லத்தரசி, சேலம்)

பதில்: 1903இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காந்தியின் முயற்சியால் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. டர்பன் இருந்த நேட்டால் பகுதியில் தமிழ்த் தொழிலாளர் ஏராளமாக இருந்தும், சரியாக நடத்த ஆளில்லாமல் 1906இல் தமிழையும் இந்தியையும் நிறுத்தினார்கள். இதழ் தொடர்ந்து வந்தது. உங்கள் நான்கில் இரண்டை இந்த மாதமே நிறுத்துங்கள். அந்தப் பக்கங்களை அழிக்க வேண்டாம். இனி எங்கே எழுதுவீர்கள் என்ற ஒரு வரியையும் இணைப்பையும் மேலே போட்டு வையுங்கள்.