கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு காலை எப்போது ஊன்றலாம்?

"மனைவிக்குக் கணுக்கால் முறிந்து பிளேட் வைத்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று மாதத்துக்குக் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். முன்னதாக ஊன்றினால் பிளேட் நகர்ந்துவிடுமா? பின்னாடி பிளேட்டை எடுக்க வேண்டி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இதே பேச்சைக் கேட்டு எங்கள் அம்மாவை மூன்று மாதம் கட்டிலிலேயே உட்கார வைத்தவன். அதனால்தான் எழுதுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதம் தேவையில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இந்த வாரமே போய், எப்போது ஊன்றலாம், எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

எங்கள் தோட்டம் கோபிக்கு அந்தப் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி. 2021 ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை, அம்மா பால் பீச்சிவிட்டு சொசைட்டிக்கு ஊற்றுவதற்குக் கேனைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரையிலிருந்து இறங்கினார். சாணி வழித்த சிமெண்டுத் தரை, அதன்மேல் மழைத்தண்ணீர். வலது பாதம் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுளுக்குதான் என்று அப்பா எண்ணெய் தடவி நீவிவிட்டார். பொழுது ஏற ஏறப் பாதம் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்துபோனது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டித்தான் எடுத்தார்கள். காலில் அடிபட்டால் வீக்கம் வருவதற்குள் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள்.

சுளுக்கா முறிவா என்று பார்க்கக் கனடாவின் ஆட்டவாவில் 1992இல் வகுத்த விதி ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்கால் மொளியின் (இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின்) பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா, அடிபட்ட காலில் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அம்மாவால் ஒரு அடிகூட வைக்க முடியவில்லை. அன்று இது தெரிந்திருந்தால் நீவியிருக்க மாட்டோம்.

ஈரோட்டில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு பக்க மொளியும் உடைந்திருந்ததால் வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும் உள்பக்கம் இரண்டு ஸ்குரூவும் போட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "நான் வெயிட் பேரிங்", அதாவது பாரம் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. எத்தனை வாரம் என்று எழுதவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தையலைப் பக்கத்து டவுனிலேயே பிரித்துக்கொண்டு, மறுபடி ஈரோட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டோம். பார்க்க வந்த ஒறம்பரை எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "காலைக் கீழ வெச்சராத கண்ணு, பிளேட்டு கழண்டுக்கும்." அம்மா மேல் இருந்த பாசத்தில் சொன்னது. நாங்களும் நம்பினோம்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வலது கெண்டைக்கால் இடதில் பாதிதான் இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்க, பாதம் மேல்நோக்கி மடங்கவே இல்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆனால் அம்மா தன் காலையே நம்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலிலேயே தத்தித் தத்திப் போனார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே எடை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். மெஷினை வலது பாதத்துக்கு அடியிலும், அதே உயரத்துக்கு ஒரு மரப்பலகையை இடது பாதத்துக்கு அடியிலும் வைத்து, "முள் பத்துக்கு வரும்வரை அழுத்துங்கம்மா" என்றார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினார். திறந்து பார்த்தால் முள் நாலில் நின்றது. "அவ்வளவுதானுங்களா அம்மணி? நான் நாப்பது கிலோ குடுத்த மாதிரி இருந்துச்சு" என்றார். இருபது கிலோவைத் தொட ஒன்பது நாள் ஆனது. உங்கள் வீட்டில் எடை மெஷின் இருந்தால், டாக்டர் அனுமதித்த பிறகு இந்த முறையைக் கேட்டுப் பாருங்கள். "கொஞ்சமாக ஊன்றுங்கள்" என்று வாயால் சொன்னால் பயந்துபோனவருக்கு எவ்வளவு என்று பிடிபடாது, முள் நகர்வதைப் பார்த்தால் பிடிபடும்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். அம்மா விழுந்த அதே 2021இல்தான் பிரிட்டனில் இந்தக் கேள்விக்கே ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கணுக்கால் முறிவுக்கு ஆபரேஷன் ஆன 561 பேரை, 23 மருத்துவமனைகளில், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் இரண்டு வாரத்திலேயே ஊன்ற ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். 2024இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நாலாவது மாதம் பார்த்தபோது, சீக்கிரம் ஊன்றியவர்களின் கால் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. சிக்கல்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். செலவு மட்டும் சீக்கிரம் ஊன்றியவர்களுக்குக் குறைவு. அதிலே அதிகக் காத்திருப்பு என்பதே ஆறு வாரம்தான் என்பதைக் கவனியுங்கள். எங்கள் அம்மா காத்திருந்தது அதைப்போல் இரண்டு மடங்கு.

அந்த ஆய்வில் காலை அளக்கப் பயன்படுத்திய மதிப்பெண் முறையைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிறைவு. வலி, வீக்கம், படி ஏறுவது இவற்றோடு குத்தவைத்து உட்கார முடிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. பால் பீச்ச, களை எடுக்க, நம் ஊர்க் கழிப்பறைக்குப் போக, எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதான் முதல் தேவை. கணுக்கால் மடங்காவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களின் பாதி வேலை நின்றுபோகும்.

ஆபரேஷன் தேவைப்படாத முறிவிலும் இதே போக்குதான். வெளிமொளி மட்டும் உடைந்து மூட்டு விலகாமல் இருந்தவர்கள் 247 பேரைப் பின்லாந்தில் பார்த்து, 2019இல் வெளியிட்டார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டோ கழற்றி மாட்டும் பட்டையோ போட்டவர்கள், ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்துக் குறைந்துபோகவில்லை. குதிகால் நரம்பு அறுந்தவர்களுக்கும் அப்படித்தான். (எங்கள் பக்கம் ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு. நான் சொல்வது குதிகாலுக்குப் பின்னால் தடித்துத் தெரியும் தசைநாணை.) ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் பார்த்த 540 பேரை வைத்துப் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. மாவுக்கட்டுக்குப் பதில் பட்டை மாட்டி உடனே நடக்க விட்டவர்களும் ஒன்பதாவது மாதத்தில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக மனைவியை எழுப்பி நிறுத்திவிடாதீர்கள். முதலில் சொன்ன 561 பேர் ஆய்வில் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. வலி தெரியாத கால், பிளேட் தளர்ந்தாலும் எலும்பு நொறுங்கினாலும் எச்சரிக்காது. இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் ஞாபகம் வருகிறார். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் புண்ணாகிப் போகின்றன என்று நோயாளிகளைக் கூர்ந்து கவனித்துக் காட்டினார். உங்கள் மனைவிக்குச் சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள். எலும்பு மெலிந்திருந்தாலும், முறிவு பல துண்டாக இருந்தாலும் டாக்டர் கூடுதல் நாள் சொல்லக்கூடும். காரணத்தைக் கேட்டுக்கொண்டு அதன்படி நடங்கள். ஊன்ற ஆரம்பித்த பிறகு கொஞ்சம் வலியும் சாயங்கால வீக்கமும் இருக்கும். கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

பிளேட்டைப் பற்றி: தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதில்லை. கணுக்காலின் வெளிப்பக்கம் சதை குறைவு, அதனால் சிலருக்குச் செருப்பு வார் உரசும், ஸ்குரூ கைக்குத் தட்டுப்படும். அப்படியானால் எலும்பு கூடிய பிறகு எடுத்துவிடலாம். அம்மாவுக்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இப்போது மறுபடி அவரேதான் பால் பீச்சுகிறார். வலது குதிகால் மட்டும் முழுதாகத் தரையில் பதிவதில்லை, அதற்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்துக்கொள்கிறார்.